தாவோ கோவில் வழிபாட்டை வச்சு பொருள் டிசைன் பண்ணணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது, எதைத் தொடக்கூடாது?

களிமண்கை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் தைவான்ல, தைனான்ல ப்ராடக்ட் டிசைன் படிக்கிறேன். இந்த செமஸ்டர் ஸ்டுடியோ வேலைக்கு நான் எடுத்துக்கிட்டது இங்க தாவோங்கிற சீனச் சமயத்துக் கோவில்கள்ல நடக்குற வழிபாடு, அதுலேர்ந்து ஒரு நாலு பொருள் சேர்ந்த சின்ன செட், வீட்டுல வச்சுக்கலாம், யாருக்காவது பரிசா குடுக்கலாம், அந்த மாதிரி.

தைனான் வந்தவங்களுக்குத் தெரியும், ரெண்டு தெரு நடந்தா ஒரு கோவில் வரும். கடல்ல போறவங்களைக் காக்குற மாட்ஸு தேவியோட பெரிய கோவில் இங்கதான் இருக்கு, மிங் வம்சத்து இளவரசர் ஒருத்தர் குடியிருந்த மாளிகை அது, 1684ல கோவிலா மாறுச்சு. நான் சாயங்காலம் போய் ஓரமா உக்காந்து மக்கள் என்ன பண்றாங்கன்னு பாப்பேன், ஸ்கெட்ச் போடுவேன், கும்பிடுறவங்களைப் போட்டோ மட்டும் எடுக்கறதில்ல.

கடைகள்ல இப்ப விக்கிறதெல்லாம் பாத்துட்டேன். பெரிய தலை சின்ன உடம்பு வச்ச சாமி பொம்மை, சாவிக்கொத்து, ஸ்டிக்கர், மெட்ரோ கார்டுல மாட்ஸு படம். பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுல பாதிக்கு மேல சாமி படத்தை எடுத்துட்டு ஒரு பூனை படம் போட்டாலும் அது அதே சாவிக்கொத்துதான், வழிபாடுன்னு ஒண்ணு அதுக்குள்ள இல்லவே இல்ல. எனக்கு அது வேணாம்.

இப்போதைக்கு கையில இருக்குற யோசனைகள். ஒண்ணு, சாமிகிட்ட கேள்வி கேட்டுத் தரையில போடுற பிறை வடிவக் கட்டை ஜோடி இருக்குல்ல, இங்க பேசுற ஹொக்கியன் மொழில புவேன்னு சொல்றாங்க, அதை மேசை மேல வைக்கிற அளவுக்கு மரத்துலயோ செராமிக்லயோ பண்றது. ரெண்டு, குச்சி குலுக்கி எடுத்தா நம்பர் வரும், அந்த நம்பருக்கு ஒரு பாட்டு எழுதுன சீட்டு தருவாங்க, அதைக் கார்டு செட்டா பண்றது. மூணு, எனக்கு ரொம்பப் புடிச்சது, ஊதுபத்திச் சாம்பலை வச்சு கிளேஸ், அதாவது மண்பாண்டத்து மேல வர்ற கண்ணாடிப் பூச்சு, பண்ணி சின்னக் கிண்ணம், கோப்பை. நாலாவது இன்னும் தோணல.

என் கேள்வி இதுதான். இந்த நம்பிக்கைக்குள்ள பொறந்து வளராத ஒருத்தன் இதைச் செய்யலாமா, செஞ்சா எந்த இடத்துல நிக்கணும்? அப்பறம் உருவத்தை ஒட்டுறதைத் தாண்டி உள்ள போகணும்னா எதைப் பாக்கணும்? சீனர் கோவில் பழக்கம் தெரிஞ்சவங்க, கைவேலை தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் சொல்லுங்க.


வான்ஹுவாவாசி எழுதியது:

தம்பி, நான் தைபேயில வான்ஹுவா பக்கம் கல்யாணம் கட்டி வந்தவ, லொங்ஷான் கோவில் எங்க வீட்டுலேர்ந்து நடந்து போற தூரம். எங்க மாமியார் கூட போய்ப் போய்க் கத்துக்கிட்டதைச் சொல்றேன், புஸ்தக அறிவு இல்ல.

நீ பொருளை வரிசையா எழுதியிருக்க, கட்டை, சீட்டு, சாம்பல். அதை விட்டுட்டு ஒரு ஆள் வாசல்லேர்ந்து உள்ள போய் வெளிய வர்ற வரைக்கும் கை என்ன பண்ணுது, கால் என்ன பண்ணுதுன்னு எழுதிப் பாரு. நாம கோவிலைப் பாத்து நிக்கும்போது வலது கைப் பக்கம் இருக்குறது டிராகன் வாசல், அதுல உள்ள போகணும், இடது பக்கப் புலி வாசல்ல வெளிய வரணும், நடு வாசல் சாமிக்கு. நிலைப்படியை மிதிக்காம தாண்டணும். முதல்ல வெளியப் பாத்துத் திரும்பி நின்னு வானத்து அதிபதிக்குக் கும்பிடு, அதுக்குன்னு முன்னாடி தனியா ஒரு சாம்பிராணிக் கலசம் மாதிரி பெரிய தூபத்தொட்டி இருக்கும், அப்பறம்தான் உள்ள இருக்குற மூலவர், அப்பறம் பக்கத்து சாமிங்க. கும்பிடும்போது சும்மா காப்பாத்துன்னு சொல்றதில்ல, எம்பேரு இது, பொறந்த நாள் இது, வீட்டு விலாசம் இது, வந்த விசயம் இதுன்னு முழுசா சொல்லணும். நம்ம ஊர்ல அர்ச்சனைக்குப் பேரு நட்சத்திரம் குடுக்குறோம்ல அதே மாதிரிதான், என்ன, இங்க டோர் நம்பர் வரைக்கும் சொல்லணும்.

அதுக்கப்பறம்தான் கட்டை. ஒண்ணு தட்டைப் பக்கம் மேல, ஒண்ணு உருண்டைப் பக்கம் மேல விழுந்தா சாமி சரின்னுட்டார். ரெண்டும் தட்டை மேல வந்தா சாமி சிரிக்கிறார், அதாவது கேள்வி தெளிவா இல்ல, இல்லாட்டி உனக்கே பதில் தெரியும்னு அர்த்தம், வேற மாதிரி கேளு. ரெண்டும் உருண்டை மேல வந்தா இல்லைன்னு அர்த்தம். பெரிய விசயம்னா தொடர்ந்து மூணு தடவை சரின்னு வரணும். சீட்டுக்கும் இது உண்டு, குச்சி எடுத்ததும் நேரா சீட்டை எடுத்துப் படிக்க ஓடக்கூடாது, இந்தக் குச்சிதான் எனக்கானதான்னு கட்டை போட்டுக் கேட்டு ஊர்ஜிதம் பண்ணிட்டுத்தான் சீட்டு. நீ வெறும் கார்டு செட்டாப் போட்டா அந்தக் கேட்டு உறுதி பண்ற படியே காணாமப் போயிடும், அது வெறும் ஜோசியக் கார்டு ஆயிடும். கட்டையும் சீட்டும் உன் லிஸ்ட்ல ரெண்டு பொருளா இருக்கு, என்னைக் கேட்டா அது ஒரே பொருள்.

கடைசில நடக்குற ஒண்ணுதான் உனக்கு ரொம்ப முக்கியம்னு நினைக்கிறேன். கோவில்ல தாயத்துப் பை வாங்குறோம், சின்ன சிவப்புத் துணிப் பை. வாங்குனதும் கழுத்துல போட்டுக்க மாட்டாங்க. தூபத்தொட்டி மேல, புகையில படுற மாதிரி, வலஞ்சுழியா மூணு சுத்து சுத்துவாங்க. அந்த மூணு சுத்துக்கு முன்னாடி அது கடைச் சாமான், அதுக்கப்பறம் அது வேற. அதே மாதிரி சாமி சிலைக்குக் கண் திறக்குற சடங்கு நடக்காத வரைக்கும் அது மரம்தான், மண்ணுதான். அதனால கோடு எங்கன்னு நீ கேட்டதுக்கு அந்த ஜனங்களே ஒரு பதில் வச்சிருக்காங்க. நீ கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு பொருளைச் செய், அந்தப் பக்கம் கொண்டு போறதா வேணாமான்னு வாங்குறவங்க முடிவு பண்ணட்டும், நீயா சாமி சக்தி ஏத்தினதுன்னு அட்டைல போட்டுடாத.

தாயத்துக்கு ஒரு முடிவும் இருக்கு. ஒரு வருசம் ஆனதும் கோவிலுக்கே திரும்பக் கொண்டு வந்து, நன்றி சொல்லி, அங்க இருக்குற உலையில போட்டு எரிச்சிட்டுப் புதுசு வாங்குவாங்க. பழசைக் குப்பைல போட எங்க மாமியாருக்குக் கை வரவே வராது. நீ பண்ற பொருள் பழசானா எங்க போகும், அதை யோசிச்சியா? ரெசின்ல பண்ணா எரிக்கவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது, டிராயர்ல கெடந்து எல்லாரையும் உறுத்திக்கிட்டே இருக்கும்.


மரத்தூள் எழுதியது:

அக்கா சொன்னதுக்கு மேல நான் செய்முறைப் பக்கம் பேசறேன், சிங்கப்பூர்ல சின்னப் பட்டறை வச்சு மரப்பொருள் பண்றேன்.

கட்டை ஜோடியை லேசா நினைக்காதீங்க ப்ரோ. பழைய முறையில மூங்கில் வேர்ல செய்வாங்க, அப்பறம் மரம், இப்ப பிளாஸ்டிக்கும் வந்துருச்சு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி பிம்பம் மாதிரி இருக்கணும், ஒரு பக்கம் தட்டை ஒரு பக்கம் புடைப்பு. ஒவ்வொரு கட்டையும் ரெண்டு பக்கமும் சமமா விழுதுன்னு வச்சுக்கிட்டா சரின்னு வர்றதுக்கு 50 சதவீதம், சிரிப்பு 25, இல்லை 25. மூணு தடவை தொடர்ந்து சரின்னு வர 8ல 1 வாய்ப்பு. ஆனா புடைப்பு கொஞ்சம் கூடினாலோ உள்ள எடை ஒரு பக்கமாப் போனாலோ இந்தக் கணக்கு மொத்தமா மாறிடும். 3டி பிரிண்ட்ல உள்ள கூடு மாதிரி நிரப்பி அடிப்பக்கம் மட்டும் கெட்டியா விட்டீங்கன்னா அது எப்பவும் ஒரே பக்கம்தான் உக்காரும். அதாவது சாமி எப்பவும் ஒரே பதில் சொல்ற மாதிரி ஒரு பொருளை நீங்க வித்துட்டீங்க. வாங்குனவன் விளையாட்டுக்குத்தான் வாங்கியிருப்பான், ஆனா ஒரு நாள் ராத்திரி மனசு கஷ்டத்துல நிஜமாவே ஒண்ணு கேப்பான். அந்த ஆளை நினைச்சு செய்யணும். நூறு தடவை, ஐந்நூறு தடவை போட்டு எழுதி வச்சு, சரியா வர்ற வரைக்கும் ராவி ராவித் திருத்தணும்.

சத்தம் இன்னொண்ணு. கல் தரையில அது விழுற டக் சத்தம் கோவில் பூரா கேக்கும், கண்ணை மூடுனாக்கூட கோவில்ல இருக்கோம்னு தெரியும். செராமிக்ல பண்ணீங்கன்னா தரையில போட்டா உடையும், உடைஞ்சா வீட்டுல இருக்குற பெரியவங்களுக்குப் பதறிடும். மேசை அளவுன்னா மரம்தான், கூடவே போடுறதுக்கு ஒரு கல் தட்டோ கனமான பலகையோ குடுங்க, அப்பதான் அந்தச் சத்தம் கிடைக்கும்.

சாம்பல் கிளேஸ் பத்தி. மரச் சாம்பல் கிளேஸ் பழைய வித்தைதான், சாம்பல்ல இருக்குற கால்சியம் 1200 டிகிரிக்கு மேல போனா மண்ணோட சேர்ந்து உருகிக் கண்ணாடி ஆகும். ஆனா கோவில் தொட்டில இருக்குறது சுத்தமான மரச் சாம்பல் இல்ல. மூங்கில் குச்சி, மரத்தூள், பசை, மலிவான பத்தின்னா சுண்ணாம்புத் தூள் கலந்திருக்கும், குச்சி அடில அடிக்கிற சிவப்புச் சாயமும் சேரும். ஒவ்வொரு கோவில் சாம்பலும் வேற வேற நிறம் குடுக்கும், அது டிசைனுக்கு நல்ல விசயம், ஆனா கோப்பை கிண்ணம்னு சாப்பாட்டுக்குப் போற எதுக்கும் லேப்ல உலோகம் கசியுதான்னு டெஸ்ட் பண்ணாம விடாதீங்க. பேசாம பத்தி நிறுத்துற தாங்கி பண்ணுங்க, சாம்பலாலேயே செஞ்ச பாத்திரத்துல சாம்பல் விழட்டும்.

வெளி ஆள் செய்யலாமான்னு கேட்டிருந்தீங்க. இங்க வாட்டர்லூ தெருவுல ஸ்ரீ கிருஷ்ணன் கோவில் 1870லேர்ந்து இருக்கு, பக்கத்துலயே கருணைத் தேவி குவான் இம் கோவில் 1884லேர்ந்து. குவான் இம்மைக் கும்பிட்டுட்டு வர்ற சீனவங்க அப்படியே நம்ம கோவில் வாசல்லயும் ஊதுபத்தி ஏத்திக் கும்பிட்டுட்டுத்தான் போவாங்க, யாரும் நீ யாருன்னு கேக்கறதில்ல. இந்த நம்பிக்கைல வாசல் பெருசு. அவசரப்படாம, கேட்டுக் கேட்டுச் செய்ங்க, அவ்வளவுதான்.


பினாங்குக்காரி எழுதியது:

முதல்ல அந்த நாலு பொருளை மூணாக்குங்க, இல்ல அஞ்சாக்குங்க. நாலுன்னா சாவை ஞாபகப்படுத்துற எண்ணு, பரிசு செட்டுல நாலு இருந்தா எங்க ஊர்ச் சீனர் வீட்டுல வாங்கி ஓரமா வச்சிருவாங்க, மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டாங்க.

மரத்தூள் சொன்னதுல ஒண்ணை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். சாம்பல் விசயம் டெஸ்ட்டோட முடியுற விசயம் இல்ல. ஒரு கோவில்லேர்ந்து இன்னொரு கோவில் எப்படிப் பொறக்குதுன்னு பாருங்க, மூலக் கோவில் தூபத்தொட்டிலேர்ந்து கொஞ்சம் சாம்பல் எடுத்துட்டுப் போய்ப் புதுக் கோவில் தொட்டில போடுவாங்க. அந்தச் சாம்பல் வழியாத்தான் தாய்க் கோவிலுக்கும் கிளைக் கோவிலுக்கும் உறவு, அதைப் புதுப்பிக்கத்தான் சாமியைத் தூக்கிக்கிட்டு அத்தனை தூரம் தாய்க் கோவிலுக்கு யாத்திரை போறாங்க. தாயத்துப் பைக்குள்ள இருக்குறதும் பெரும்பாலும் அந்தச் சாம்பல்தான். அப்ப நீங்க ஒரு வாளி சாம்பல் வாங்கிட்டு வந்து சூளைல போட்டுச் சோப்பு வைக்கிற தட்டு பண்ணா அது என்ன கணக்கு? பண்ணவே கூடாதுன்னு சொல்ல வரல. கோவில் கமிட்டிக்கிட்டப் போய் இதை இதுக்காகக் கேக்குறேன்னு சொல்லுங்க, அவங்களே கட்டை போட்டு சாமிகிட்டக் கேப்பாங்க. இல்லைன்னு வந்தா விட்டுருங்க. சரின்னு வந்தா அதை விடப் பெரிய சான்று உங்களுக்கு எந்த ப்ரொஃபசரும் குடுக்க முடியாது. வேணாம்னா கடைல அதே பத்தியை வாங்கி உங்க வீட்டுல எரிச்சு அந்தச் சாம்பலை எடுங்க, ரசாயனம் ஏறக்குறைய அதேதான், உரிமை உங்களுது.

காகிதத்துல கவனம். எரிக்கிற காகிதத்துல தங்கம் ஒட்டினது சாமிக்கு, வெள்ளி ஒட்டினது செத்தவங்களுக்கும் ஆவிகளுக்கும். வெளிநாட்டு டிசைனருங்க இந்தக் காகிதத்தோட பிரிண்ட் அழகுல மயங்கி வெள்ளிக் காகித டிசைனைப் பரிசு உறைக்கு எடுத்துடுவாங்க. பாக்குறவங்களுக்கு அது எழவு வீட்டுச் சமாச்சாரம். வெள்ளை உறையும் அப்படித்தான். உயிரோட இருக்குறவங்க பேரைச் சிவப்புல எழுதாதீங்க, நேம் டேக் மாதிரி எதாச்சும் பண்ணீங்கன்னா ஞாபகம் வச்சுக்குங்க. மஞ்சள் காகிதத்துல எழுதுற மந்திர எழுத்து இருக்குல்ல, அதைக் காப்பி அடிச்சு டீ சர்ட்ல போடாதீங்க, அது அலங்கார எழுத்து இல்ல, அது ஒரு தெய்வத்துக்கிட்டேர்ந்து வர்ற உத்தரவு மாதிரி, யாரை விரட்டவோ யாரைக் கூப்பிடவோ எழுதினதுன்னு தெரியாம மாட்டிக்கிட்டு அலையக்கூடாது.

ஊருக்கு ஊர் மாறும்ங்கிறதும் இருக்கு. பினாங்குல ஒன்பது பேரரசர் திருவிழா வந்தா மஞ்சளும் வெள்ளையும்தான், சீன நாட்காட்டில ஒன்பதாவது மாசம் ஒன்பது நாள், வெள்ளைத் துணி உடுத்தி சைவம் சாப்புடுவாங்க. அந்த நாள்ல வெள்ளைக்கு வேற அர்த்தம். மலாக்கால நோய்நொடியை ஏத்தி அனுப்புற ராஜ கப்பல் சடங்கு இருக்கு, சீனாவும் மலேசியாவும் சேர்ந்து 2020ல யுனெஸ்கோ பட்டியல்ல போட்டாங்க, அவ்வளவு வேலைப்பாடு செஞ்ச கப்பலைக் கடைசில எரிச்சிடுவாங்க. அதனால தாவோ கோவில்னு பொதுவா ஒரு பேரை வச்சுக்கிட்டுப் பண்ணாதீங்க. தைனான்ல இருக்கீங்க, ஒரே ஒரு கோவிலைப் பிடிங்க, அந்தத் தெரு ஆளுங்க பழக்கம் என்னவோ அதை வச்சு பண்ணுங்க.


களிமண்கை எழுதியது:

இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல, ரொம்ப நன்றி. வான்ஹுவா அக்கா சொன்ன மாதிரி வாசல்லேர்ந்து வாசல் வரைக்கும் எழுதிப் பாத்தேன், அதுல எனக்குப் பிடிபட்டது என்னன்னா எல்லாமே சுத்துது, திரும்புது, முடியுது, ஒரு இடத்துலயும் பொருள் சும்மா ஷெல்ஃப்ல நிக்கல. கட்டையும் சீட்டும் ஒரே பொருளாச் சேத்துடறேன். சாம்பலுக்கு நான் போற கோவில்ல கணக்கு பாக்குற ஐயாகிட்டக் கேக்கப் போறேன். இன்னும் ரெண்டு சந்தேகம். பழசான பொருளைத் திருப்பிக் குடுக்குற யோசனையை எப்படி உள்ள கொண்டு வர்றது, வாங்குனவங்க நிஜமாவே திருப்பிக் குடுப்பாங்களா? அப்பறம் ரொம்ப பயபக்தியா பண்ணா சின்னப் பசங்க வாங்குவாங்களான்னு என் கூடப் படிக்கிறவங்க கேக்குறாங்க, அவங்களுக்கு கியூட் பொம்மைதான் ஓடும்னு எண்ணம்.


ஊசிநூல் எழுதியது:

நான் டெக்ஸ்டைல் ஆள், தைனான்ல எம்ப்ராய்டரி வேலை பாக்க வந்து போயிருக்கேன். இங்க எல்லாரும் எதை எதைத் தொடக்கூடாதுன்னு நிறைய சொல்லிட்டீங்க, எல்லாம் நியாயம்தான், ஆனா பயந்து கை கட்டி நின்னுடாதீங்க. இந்தச் சமயம் தன்னைத்தானே மாத்திக்கிட்டே இருக்குற சமயம். காவ்ஷியுங்ல 2009 உலக விளையாட்டுப் போட்டித் தொடக்க விழால மூணாவது இளவரசர் நேஜா வேஷம் கட்டின ஆளுங்க டெக்னோ மியூசிக்குக்கு ஆடினாங்க, ஊரே கொண்டாடுச்சு. நேஜா குழந்தைச் சாமி, அவருக்கு மிட்டாயும் பொம்மையும்தான் படையல், அவரு ஆடுறது பொருந்துது. தைபேயில ஷிங்தியென் கோவில் 2014ல ஊதுபத்தியையே நிறுத்திட்டாங்க, படையல் மேசையையும் எடுத்துட்டாங்க, கையைக் கூப்பினாப் போதும்னு சொல்லிட்டாங்க, இன்னும் கூட்டம் வந்துக்கிட்டேதான் இருக்கு. அதனால கியூட்டா பயபக்தியான்னு சண்டையே வேணாம், அந்தச் சாமிக்கு அது பொருந்துதான்னு மட்டும் பாருங்க.

பொருத்தத்துக்கு ஒரு உதாரணம், புலி சாமி. பலிபீட மேசைக்கு அடியில, தரையோட தரையா உக்காந்திருப்பார், குழந்தைங்களுக்குக் காவல், பச்சை முட்டை வைப்பாங்க. குனிஞ்சாத்தான் பாக்க முடியும், சின்னப் பசங்க கண்ணுக்கு நேரா இருப்பார். இவரைப் பொம்மை பண்ணி ஷெல்ஃப் மேல வச்சா கதையே போச்சு. கட்டில் கால்லயோ படிக்கிற மேசைக்கு அடியிலயோ மாட்டுற மாதிரி பண்ணுங்க, குழந்தைக்கு மட்டும் தெரியுற இடத்துல. கியூட்டும் இருக்கும், அர்த்தமும் இருக்கும்.

ஜனங்களே கண்டுபிடிச்ச ஒரு பொருளும் இருக்கு, ஐடி ஆளுங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தைவான்ல சர்வர் ரூம்ல, ஏடிஎம் மேல, ஃபேக்டரி மெஷின் மேல குவாய் குவாய்னு ஒரு நொறுக்குத் தீனிப் பாக்கெட் வச்சிருப்பாங்க, மெஷின் சொன்ன பேச்சு கேட்டு ஒழுங்கா ஓடணும்னு. பச்சைக் கலர் தேங்காய் ருசிதான் வைக்கணும், மஞ்சளோ சிவப்போ வைக்கக் கூடாது, தேதி முடிஞ்ச பாக்கெட்டும் இருக்கக் கூடாது, முடியறதுக்குள்ள மாத்திடணும். எந்த டிசைனரும் உக்காந்து வரைஞ்சதில்ல. ஆனா நிறத்துக்கு விதி இருக்கு, இடத்துக்கு விதி இருக்கு, முடியுற தேதி இருக்கு. உங்க கேள்விக்கு இதுலயே பதில் இருக்கு, முடியுற தேதியைப் பொருள் மேலயே போடுங்க. சீன நாட்காட்டில வருசத்துக்கு ஒரு மிருகம் உண்டுல்ல, இந்த வருசத்து மிருகம் எதுவோ அதைப் பொறிச்சாலே போதும், அடுத்த சீனப் புத்தாண்டு வந்தா தானா பழசாயிடும், கோவிலுக்கு வர்றப்ப கொண்டு வந்து குடுத்துடுவாங்க, அது அவங்களுக்கு ஏற்கனவே பழக்கப்பட்ட வேலைதான். மரம், பருத்தி, காகிதம் மட்டும் வச்சு பண்ணுங்க. நிறைய கோவில்ல புகை குறைக்கணும்னு எரிக்கிறதையும் கட்டுப்படுத்துறாங்க, அதனால எரிக்கிற அளவு எவ்வளவு குறைச்சலோ அவ்வளவு நல்லது, உள்ள இருக்குற சின்னக் காகிதத்தை மட்டும் எடுத்துக் கோவில்ல குடுக்குற மாதிரியும் வெளி மரக்கூட்டை வருசா வருசம் வச்சுக்குற மாதிரியும் பிரிச்சுப் பாருங்க.

இன்னொரு விசயம், இதை நான் அழுத்திச் சொல்லுவேன். தைனான்ல சாமி உடை, படையல் மேசைக்கு முன்னாடி தொங்கவிடுற துணி, வாசல் மேல கட்டுற எட்டு சித்தர் பட்டுத் தோரணம் இதெல்லாம் கையால தைக்கிற எம்ப்ராய்டரி கடைங்க இன்னும் இருக்கு. உள்ள பஞ்சு வச்சுத் தைப்பாங்க, டிராகன் தலை துணியை விட்டு வெளிய எழும்பி நிக்கும், தங்க நூலைச் சுருட்டிச் சுருட்டிப் படிய வச்சுப் பக்கத்துல கட்டுத் தையல் போடுவாங்க. இப்ப மெஷின் எம்ப்ராய்டரி மலிவா வருது, இவங்ககிட்ட ஆர்டர் குறைஞ்சு போச்சு. கூரை மேல பீங்கான் துண்டை வெட்டி ஒட்டி டிராகன், பூவு, யுத்தக் காட்சி எல்லாம் பண்ணுறாங்களே, அந்தக் கைங்களும் அப்படித்தான். நீங்க டிசைனை எடுத்துட்டு மெஷின்ல அடிச்சு வித்தீங்கன்னா அவங்க அழகை எடுத்துக்கிட்டு அவங்க வேலையையும் எடுத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். செட்டுல ஒரு பொருளாவது அவங்க கையால தைச்சதா இருக்கட்டும், உள்ளங்கை அளவுதான், டிராகனோட ஒரு செதில் வரிசை மட்டும், அவ்வளவு போதும். கடைப் பேரை அட்டைல போடுங்க, கேட்ட கூலியைப் பேரம் பேசாம குடுங்க. விலை ஏறும்தான். ஏறட்டும்.


மரத்தூள் எழுதியது:

ஊசிநூல் சொன்ன மாதிரி உள்ள காகிதம் வெளிய மரக்கூடுன்னு பிரிச்சா மூடியைக் காந்தம் வச்சுப் பண்ணாதீங்க, எரிக்கிற இடத்துக்கு அது தவறிப் போயிடும். வழுக்கி மூடுற பள்ளம் வெட்டுங்க. வாசனைக்கு ஏதாச்சும் சேக்குறதா இருந்தா சந்தனத்தூள் போடுங்க, இங்க பழைய பத்திக் கடைக்காரங்க ஒசத்தின்னு சொல்றது நம்ம மைசூர்ப் பக்கத்து சந்தனத்தைத்தான், விலைதான் எட்டாது, கொஞ்சூண்டு போதும்.


களிமண்கை எழுதியது:

அப்ப செட்டு மூணு பொருள்தான். கட்டையும் சீட்டும் சேர்ந்தது, புலி சாமி, ஒரு வருசத் தாயத்துக் கூடு. பத்தித் தாங்கி சாமி சரின்னு சொன்னா மட்டும், ஆனா அது சேர்ந்தா நாலாயிடும், அப்ப எம்ப்ராய்டரித் துண்டைத் தனிப் பொருளா எடுத்து அஞ்சாக்கிடுவேன், இல்லாட்டி அதையே தாயத்துக் கூட்டுக்கு உறையா வச்சுக்கலாம். நடுவுல ஒரு யோசனை வந்துச்சு, தாஜியா ஊர்க் கோவில்லேர்ந்து கிளம்புற மாட்ஸு யாத்திரைல எல்லாரும் ஒரு சின்னக் கொடி தூக்கிட்டுப் போறாங்களே, அதை வச்சு எதுவும் பண்ணலாமா, இல்ல அது தொடக்கூடாத பக்கமா?


வான்ஹுவாவாசி எழுதியது:

கொடியை நீ புதுசா டிசைன் பண்ணாத தம்பி, அது அவங்க கோவில்ல வாங்குறது, தூபத்தொட்டி மேல சுத்தி எடுக்குறது. ஒன்பது நாள் எட்டு ராத்திரி, 340 கிலோமீட்டர் கிட்ட நடக்கிறாங்க, வழில நிக்கிற ஒவ்வொரு கோவில்லயும் ஒரு மந்திரக் காகிதம் வாங்கிக் கொடியில கட்டிக்கிட்டே போவாங்க, திரும்பி வர்றப்ப கொடியே தெரியாத அளவுக்குக் காகிதம் தொங்கும். பைஷாதுன் மாட்ஸு யாத்திரைன்னா இன்னும் கஷ்டம், பாதையே முன்கூட்டித் தெரியாது, எந்தப் பக்கம் திரும்பணும்னு பல்லக்குதான் முடிவு பண்ணும், ஜனங்க போன்ல பல்லக்கு எங்க இருக்குன்னு பாத்துப் பாத்து ஓடுவாங்க.

ஆனா கொடியைச் சுத்தி இருக்குற கஷ்டத்துல உனக்கு வேலை இருக்கு. மழை வந்தா காகிதம் ஊறிக் கிழியுது, ஆளாளுக்கு பிளாஸ்டிக் கவர் மாட்டி ரப்பர் பேண்ட் போடுறாங்க. கொடியைக் கழிவறைக்குள்ள எடுத்துட்டுப் போகக் கூடாது, அதனால வெளிய யாருகிட்டயாவது குடுத்துட்டு நிக்கணும், தனியா வர்ற வயசானவங்க பாவம் தவிச்சுப் போயிடுவாங்க. தரையில வைக்கவும் கூடாது. முதுகுப் பைல சொருகினா கூட்டத்துல பின்னாடி வர்றவங்க கண்ணைக் குத்துது. எங்க மாமியாரோட தோழி ஒருத்தங்க வருசா வருசம் போறாங்க, எழுபது வயசுக்கு மேல, கொடியைக் கழுத்துல தொங்கவிட அவங்களே ஒரு துணி உறை தைச்சு வச்சிருக்காங்க, உள்பக்கம் மெழுகுத்துணி, அடியில ஈரம் வடிய ரெண்டு ஓட்டை, சுவத்து ஆணில மாட்ட ஒரு வளையம். நீ தைபே வந்தா கூட்டிட்டுப் போறேன், அதை அளவெடுத்துக்க, அவங்க கூட நல்லா பேசுவாங்க, தைவானீஸ்தான் வரும், நான் கூட இருந்து சொல்றேன்.